ஊட்டிப் பேராலயத்தில் அம்மாவோடு ஒரு வெள்ளிக்கிழமை

முழங்கால் வலி வந்ததிலிருந்து அம்மா மலையேறுவதே இல்லை. போன மாதம் அவரே கேட்டார்: "ஊட்டிக் கோயில ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாம்பா." விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினோம். குன்னூர் வந்ததும் அம்மா சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஆகையால் முதலில் காந்தல் குருசடி. இயேசு ஆண்டவர் அறையுண்ட சிலுவையின் துண்டு என்று வணங்கப்படும் திருப்பண்டம் இருக்கிற சிற்றாலயம். மே 3ஆம் தேதி திருவிழாவுக்கு நிற்க இடமிருக்காது. அன்றைக்குக் கூட்டமில்லை. மெழுகுவர்த்தி ஏற்றி ஒரு சிலுவைப்பாதை செபித்துவிட்டு, ஆட்டோ பிடித்துத் திருஇருதய ஆண்டவர் பேராலயத்துக்கு வந்தோம்.

உள்ளே நுழைந்ததும் அம்மா பீடத்தைப் பார்த்துச் சிலுவை போட்டார். பிறகு வலது கன்னத்தைத் தொட்டுக்கொண்டு, பீடத்தருகே இருந்த ஆயர் (பிஷப்) இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயரின் இருக்கை இருப்பதால்தான் ஒரு கோயில் பேராலயம் ஆகிறது.

1962இல் ஒன்பது வயதுப் பிள்ளையாக இதே கோயிலில்தான் அம்மா உறுதிபூசுதல் வாங்கினார்; ஞானஸ்நானத்தில் பெற்ற விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு அது. கொடுத்தவர் ஆயர் அந்தோனி படியறா. ஆயர்களை 'ஆண்டவர்' என்று மரியாதையாக அழைப்பது எங்கள் வழக்கம்; அம்மா இன்றைக்கும் 'படியறா ஆண்டவர்' என்றுதான் சொல்வார். நெற்றியில் கிறிஸ்மா தைலத்தால் சிலுவை வரைந்துவிட்டு, கன்னத்தில் லேசாக ஒரு தட்டு. கிறிஸ்துவுக்காக அடியும் வாங்கத் தயாராக இருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக அந்தக் காலத்துச் சடங்கில் அது உண்டு. "வலிக்கவே இல்ல. ஆனா அடுத்து நின்ன புள்ள பயந்து அழுதுட்டா" என்றார் அம்மா. தைல வாசனை போய்விடுமே என்று அன்று ராத்திரி முகமே கழுவவில்லையாம்.

படியறா ஆண்டவர் பிறந்தது கேரளத்து மணிமலையில், 1921இல். குடும்பம் சீரோ மலபார் வழிபாட்டு முறை; கேரளத்துக் கத்தோலிக்கர்களின் கீழைத் திருச்சபை முறை அது. அவர் குருவானதோ லத்தீன் முறையில். 1955இல் மைசூர் மறைமாவட்டத்திலிருந்து (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதிதான் மறைமாவட்டம்) ஊட்டி தனியாகப் பிரிந்தபோது முதல் ஆயர் அவர்தான். வயது 34. புதிய மறைமாவட்டம், தேயிலைத் தோட்டத்து ஜனங்கள். அந்த வயதில் அதை ஒப்படைத்தார்கள் என்றால் அவரிடம் எதையோ கண்டுதான் ஒப்படைத்திருக்க வேண்டும்.

அம்மா உறுதிபூசுதல் வாங்கிய அதே வருடம் அக்டோபரில் ரோமில், உலகெங்கும் உள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கியது. இந்த மலையிலிருந்து அவரும் போய்ச் சங்கத்தில் உட்கார்ந்தார். மக்கள் மொழியில் பூசை நடக்க வழிவிட்டது அந்தச் சங்கம். லத்தீனில் ஒன்றும் புரியாமல் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த எங்கள் பாட்டி, தமிழில் முதல் பூசை கேட்டுவிட்டு அழுதுவிட்டார் என்று அம்மா சொல்வார். அந்த மாற்றத்தில் எங்கள் ஊட்டி ஆயருக்கும் பங்குண்டு என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

1970இல் அவர் சங்கனாச்சேரிப் பேராயராகப் போனார், தான் பிறந்த வழிபாட்டு முறைக்கே திரும்பி. 1985இல் எர்ணாகுளம். 1988இல் கர்தினால். 1992இல் சீரோ மலபார் திருச்சபையின் முதல் பெரிய பேராயர், அதாவது அந்தத் திருச்சபைக்கே தலைவர். 1998இல் பத்மஸ்ரீ. 2000 மார்ச்சில் இறந்தார். கர்தினால் ஆனபோது பேப்பரில் வந்த படத்தை அம்மா வெட்டிச் செபப்புத்தகத்தில் வைத்திருந்தார். அன்றைக்கு அதை வெளியே எடுத்தார். மடிப்பில் கிழிந்து, மஞ்சளேறி, முகத்தில் பாதி அழிந்துபோயிருந்தது. தலையிலிருந்த தொப்பி மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

இந்த இருக்கையிலிருந்து பேராயராகப் போனவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. அருள்தாஸ் ஆண்டவர் 1994இல் சென்னை-மயிலைக்கும், ஆனந்தராயர் ஆண்டவர் 2004இல் புதுவை-கடலூருக்கும் போனார்கள். ஆனால் அம்மாவுக்கு ஆண்டவர் என்றால் கன்னத்தில் தட்டியவர்தான்.

மண்டியிட முடியாததால் பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஒரு ஐம்பத்து மூன்று மணி செபமாலை சொல்லி முடித்தார். வெளியே மூடுபனி இறங்க ஆரம்பித்திருந்தது. கதவைச் சாத்த வந்த கோயில்பிள்ளை எங்கள் பையைப் பார்த்துவிட்டு, "வெளியூருங்களாம்மா?" என்று கேட்டார்.

திருப்பூரில் வாழ்க்கைப்பட்டு ஐம்பது வருடம் ஆகப்போகிற அம்மா, "இல்ல தம்பி, இந்த ஊருதான்" என்றார்.