ஃபாரோ தீவு லீக்: என் நாட்குறிப்பிலிருந்து

ஜூன் 11, 2023

வேலை முடிந்து குண்டதாலூர் மைதானத்துக்குக் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போனேன். பெயரைக் கேட்டால் தர்மபுரிப் பக்கத்து ஊர் மாதிரி இருக்கும். ஆனால் இது வட அட்லாண்டிக்கில், ஃபாரோ தீவுகளின் தலைநகர் டோர்ஸ்ஹவுனில் இருக்கிறது. ஜூன் மாதத்திலும் இரண்டு ஸ்வெட்டர் வேண்டும். சாரல் மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வந்து முகத்தில் அறையும். கோல்கீப்பர் ஓங்கி உதைத்த பந்து நடுக்கோடு வரை போனது, அங்கே ஒரு கணம் தயங்கியது, அப்புறம் பக்கக் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. காற்றும் ஆட்டத்தில் ஒரு ஆள் என்று பழகிவிட்டார்கள்.

கீழ்வீட்டுப் பெரியவரும் வந்திருந்தார். ஓய்வுபெற்ற மாலுமி, டோர்ஸ்ஹவுன் கிளப்பான பி36 அணிக்கு உயிரையே கொடுப்பார். காற்று பலமாக அடிக்கும்போது பெனால்டி உதைக்கிறவருக்காக இன்னொருவர் தரையில் படுத்து விரலால் பந்தைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறாராம்.

ஜூன் 18

பெரியவரோடு காபி. இந்த லீக்கின் கதையைத் தவணை முறையில் சொல்லி வருகிறார். முதல் சாம்பியன் போட்டி 1942-ல். வென்றது கிளாக்ஸ்விக், அதாவது வடக்கே போர்தோய் தீவிலுள்ள மீன்பிடித் துறைமுக ஊரின் அணி. 1944-ல் மட்டும் போட்டி இல்லை. போர்க்காலம், பந்து கிடைக்கவில்லை! கிளப் என்று பார்த்தால் தெற்குத் தீவின் துவோரோய்ரி ஊர்க்காரர்கள்தான் மூத்தவர்கள், 1892-லேயே தொடங்கிவிட்டார்கள்.

இப்போது முதல் பிரிவில் பத்து அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற ஒன்பதோடும் மும்மூன்று முறை மோதும், ஆக 27 சுற்று. மார்ச்சில் தொடங்கி அக்டோபரில் முடிந்துவிடும். குளிர்காலத்தில் பகல் வெளிச்சம் ஐந்து மணி நேரம்தான், வேறு வழி கிடையாது. மொத்த நாட்டிலும் சுமார் 54,000 பேர். அதில் பத்து அணிகளுக்கு ஆள் சேர்த்து, அதற்குக் கீழேயும் பிரிவுகள் நடத்துகிறார்கள் என்றால், தெருவில் எதிரே வருகிற யாரும் ஆட்டக்காரராகவோ, அவரைப் பெற்றவராகவோ இருக்கலாம். எங்கள் கிடங்கில் சரக்கு இறக்கும் பையன்கூட ஒரு கிளப்பின் இரண்டாம் அணியில் ஆடுகிறான். திங்கட்கிழமை நொண்டிக்கொண்டு வந்தால் ஞாயிறு ஆட்டம் இருந்தது என்று அர்த்தம்.

ஜூலை 20

நேற்று ராத்திரி யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் முதல் தகுதிச் சுற்று, கிளாக்ஸ்விக்குக்கு எதிரணி ஹங்கேரியின் ஃபெரென்ஸ்வாரோஷ். இங்கே நடந்த முதல் ஆட்டம் 0-0. சரி, புடாபெஸ்டில் வாங்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள் என்றுதான் எல்லாரும் இருந்தோம். கிளாக்ஸ்விக் 3-0 என்று வென்றது. பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்குப் பகலில் வேறு வேலை இருக்கிற அணி இது. ஃபெரென்ஸ்வாரோஷின் ரஷ்யப் பயிற்சியாளர் செர்செசோவின் வேலை அன்றிரவே போய்விட்டது.

காலையில் பெரியவரைப் பார்த்தேன். வாயெல்லாம் சிரிப்பு. ஆனால் "இனி இவர்களைக் கையில் பிடிக்க முடியாது" என்று ஒரு பெருமூச்சும் வந்தது. நாட்டுக்குப் பெருமை, பி36-க்குத் தலைவலி.

ஆகஸ்ட் 3

ஓலாவ்சோகா திருவிழாவின் படகுப் பந்தயக் களைப்பே ஊருக்கு இன்னும் தீரவில்லை. அதற்குள் இது. ஸ்வீடனின் ஹெக்கன் அணியோடு அங்கே போய் கிளாக்ஸ்விக் 3-3, அப்புறம் பெனால்டியில் வெற்றி. இந்த வெற்றியின் கணக்கு வேறு மாதிரியானது. இனி வரிசையாகத் தோற்றாலும் சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து யூரோப்பா லீக், அங்கிருந்து கான்ஃபரன்ஸ் லீக் என்று ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் ஒரு குழுச் சுற்றில் இடம் நிச்சயம். ஃபாரோ கிளப் எதுவும் இதற்கு முன் ஐரோப்பியக் குழுச் சுற்றைத் தொட்டதில்லை.

செப்டம்பர் 1

படி இறங்கியாயிற்று. நார்வேயின் மோல்டேயிடம் தோல்வி, நேற்று மால்டோவாவின் ஷெரிஃபிடமும் தோல்வி. ஆக, கான்ஃபரன்ஸ் லீக்.

பெரியவர் பழைய உறை ஒன்றின் முதுகில் பென்சிலால் கணக்குப் போட்டு வைத்திருந்தார். குழுச் சுற்றில் கால் வைத்ததற்கே 29.4 லட்சம் யூரோ. ஒரு வெற்றிக்கு ஐந்து லட்சம். தகுதிச் சுற்றுக் காசு தனி. கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து, "எங்கள் ஆட்களுக்கு எங்கே காசு?" என்று கேட்டார். மற்ற கிளப்புகளுக்கும் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபா கொஞ்சம் பகிர்ந்து தருகிறது என்றேன். அது பந்து வாங்கக் காணும் என்றார்.

அவர் பக்கம்தான் நானும். இங்கே ஒரு சின்ன ஊர் பட்டம் வெல்வது அதிசயமே இல்லை. டோப்தீர் கிராமம் மூன்று முறை வென்றிருக்கிறது. அவர்களுடைய மைதானம் குன்றின் மேல் பாறையை உடைத்துப் போட்டது, ஒரு காலத்தில் தேசிய அணியே அங்கே ஆடியது. கோத்தா ஊர் அணி 1993-லிருந்து நான்கு வருடம் தொடர்ந்து சாம்பியன். ஒரே கிளப்பின் கையில் வருடா வருடம் ஐரோப்பியக் காசு குவிந்தால் நல்ல ஆட்டக்காரன் எந்த ஊரில் பிறந்தாலும் அங்கேதான் போவான். இடையில் சுரங்கப்பாதைகள் வேறு வந்துவிட்டன. கடலடியில் காரிலேயே கிளாக்ஸ்விக் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். முன்பு படகு நேரம் பார்த்துத்தான் எல்லாம்.

அக்டோபர் 27

டோர்ஸ்வோட்லூர் மைதானத்தில் கிளாக்ஸ்விக் லில் அணியோடு 0-0. பிரான்சின் பெரிய கிளப். மூன்று வாரம் முன்பு ஸ்லோவேனியாவின் ஒலிம்பியாவை 3-0 என்று அடித்ததும் இங்கேதான். நேற்று எங்கள் வரிசையில் எச்பி, பி36, விக்கிங்கூர் எல்லாக் கிளப் சால்வையும் கலந்து கிடந்தது. இந்த ஆட்களே ஞாயிற்றுக்கிழமை ஒருவரையொருவர் திட்டுவார்கள். பெரியவர் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, இன்று சைகையில் பேசுகிறார். லீக் பட்டமும் கிளாக்ஸ்விக்குக்கே. அதைப் பற்றிச் சைகைகூடக் கிடையாது.

நவம்பர் 3, 2024

ஒரு வருடமாக இந்தப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. வேலை மாறியது, ஷிப்ட் மாறியது.

இந்த முறை சாம்பியன் விக்கிங்கூர்! கோத்தா, லெய்ர்விக் என்ற இரண்டு ஊர்க் கிளப்புகள் 2008-ல் ஒன்றாகச் சேர்ந்து உண்டானது. பட்டம் அவர்களுக்கு இது மூன்றாவது முறை. பணப்பெட்டி இருந்தும் கிளாக்ஸ்விக் இரண்டாம் இடம்.

துள்ளிக் குதிப்பார் என்று நினைத்துக் கீழ்வீட்டுக்குப் போனேன். மனுஷன் உர்ரென்று உட்கார்ந்திருக்கிறார். "யார் ஜெயித்தால் என்ன, நாங்கள் கடைசியாக வாங்கியது 2015" என்றார். அப்புறம் அடுத்த சீசனுக்கு பி36 யாரையெல்லாம் எடுக்க வேண்டும் என்று பட்டியல் போட ஆரம்பித்தார். எங்கள் கிடங்குப் பையன் பெயரும் அதில் நான்காவதாக இருக்கிறது.