நெஞ்சில் என்ன சின்னம்?

போன கிழமை அக்காவின் மகன் நிறப்பென்சில் பெட்டியோடு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தான். பள்ளிக்கூடத்தில் சித்திரப் போட்டியாம், தலைப்பு 'இலங்கையின் சூப்பர் ஹீரோ'. கைகால், முதுகில் பறக்கிற துணி எல்லாம் வரைந்தாயிற்று. நெஞ்சு மட்டும் வெள்ளையாக இருந்தது.

"மாமா, கப்டன் அமெரிக்காவுக்கு அவங்கட கொடிதானே உடுப்பு? இவருக்கும் அப்பிடிப் போடட்டா?"

போடு என்றேன். சிங்கத்தை நெஞ்சில் போட்டால் பச்சையும் செம்மஞ்சளும் எங்கே வரும் என்றான். நம் கொடியில் முஸ்லிம்களுக்குப் பச்சை, தமிழருக்குச் செம்மஞ்சள், இரண்டும் ஓரத்துக் கோடுகள். "இடுப்புப் பட்டியில போடட்டா?" நான் தேத்தண்ணி போட எழுந்து போய்விட்டேன்.

அமெரிக்கக் கொடியையே உடுப்பாகப் போட்ட சித்திரக்கதை வீரன் கப்டன் அமெரிக்கா. எனக்கு அவன் பைத்தியம் மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் பிடித்தது. அந்த மனிதனின் உடுப்புக்காக அமெரிக்காவில் நடக்கிற சண்டைகளையும் விடாமல் பார்ப்பேன். சித்திரக்கதைக்குள் அரசியலைக் கொண்டுவராதே என்று அங்கே அடிக்கடி ஒரு கூச்சல் எழும். கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஜோ சைமன், ஜாக் கேர்பி என்ற இரண்டு யூத இளைஞர்கள் 1941 மார்ச் எனத் தேதியிட்ட முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரின் முகத்தில் குத்து விட வைத்தார்கள். அமெரிக்கா அப்போது போரில் இறங்கியிருக்கவில்லை. மிரட்டல்களும் வந்தன.

பின்னாளில் இந்தக் கதைகளை எழுதிய நிக் ஸ்பென்சரின் பாடு இன்னும் பாவம். 2015இல் அவர் எழுதிய கதையில், கப்டன் அமெரிக்கா உடுப்பில் இருந்த கறுப்பினத்தவரான சாம் வில்சன், மெக்சிக்கோ எல்லையில் குடியேறிகளைத் தாக்கும் கும்பலோடு மோதினார். வலதுசாரிகளின் ஃபொக்ஸ் தொலைக்காட்சியில் கண்டனம். மறு வருடம் மே மாதம் பழைய கப்டன் ஸ்டீவ் ரோஜர்ஸின் வாயில் "ஹெயில் ஹைட்ரா" என்று எழுதினார். நாஜிகளோடு ஒட்டிய வில்லன் கூட்டத்தின் முழக்கம் அது. இப்போது மற்றப் பக்கத்து ஆட்கள் பொங்கினார்கள், யூதர்கள் படைத்தவனையா இப்படிச் செய்தாய் என்று. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. (அந்தத் திருப்பம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் எழுத அவருக்கு உரிமை இல்லை என்று சொல்ல மாட்டேன்.)

எனக்குப் பிடித்தது 1974. ஜனாதிபதி நிக்சன் மாட்டிக்கொண்ட வாட்டர்கேட் ஊழல் காலம். ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் எழுதிய கதையில், கப்டன் ஒரு சதிக் கூட்டத்தின் தலைவனைத் துரத்திக்கொண்டு வெள்ளை மாளிகைக்குள்ளேயே போய்ச் சேருகிறான். முகமூடிக்குப் பின்னால் யார் என்பதைக் கதை பெயர் சொல்லிக் காட்டாது; வாசித்தவர்களுக்கு விளங்கியது. மனம் உடைந்த கப்டன் கொடி உடுப்பைக் கழற்றிவிட்டு நோமட், அதாவது நாடோடி, என்று பெயர் மாற்றிக்கொள்கிறான். புது உடுப்பில் முதல் சண்டையிலேயே தன் முதுகுத் துணி தடுக்கி விழுவான். நாட்டை நேசிக்கிறவன் நாட்டோடு கோபித்துக்கொண்டு குப்புற விழுகிற அந்தப் படத்துக்கு முன்னால் மற்ற வீரக் கதையெல்லாம் எனக்குச் சப்பென்று இருக்கும். சில மாதத்தில் பழைய உடுப்புக்கே திரும்பிவிட்டான், அது வேறு.

அவனுக்குக் கழற்ற ஒரு கொடி உடுப்பு இருந்தது. எங்கள் வீட்டு மேசையில் கிடந்தவனுக்குப் போட்டுவிடவே வழி தெரியவில்லை.

தேத்தண்ணியோடு திரும்பி வந்தால் பொடியன் சின்னத்தை விட்டுவிட்டுப் பேச்சுக் குமிழுக்குப் போயிருந்தான். "மாமா, இவர் எந்த மொழியில கதைப்பார்?"

"நீ 100ஆம் நம்பர் பஸ்ஸில இறங்கேக்க என்ன சொல்லுவாய்?"

"சிங்களத்தில சொல்லுவன். வீட்ட வந்தா தமிழ்."

"அப்ப இரண்டிலயும் எழுது."

"இடம் காணாது."

இராச் சாப்பாடு வரை குமிழ் வெறுமையாகவே இருந்தது. காலையில் பார்த்தேன். குமிழை அழித்துவிட்டான். கண்ணுக்கு மட்டும் இருந்த முகமூடியை நாடி வரை இழுத்து, வாயையும் மூடி, அழுத்தமாகக் கறுப்பு அடித்திருந்தான்.

"இவர் கதைக்க மாட்டார் மாமா. அடி மட்டும்தான்."

நெஞ்சு இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. அப்படியே சுருட்டி, றப்பர் போட்டுக் கொண்டுபோனான்.