டெட் படிப்பும் டியூஷன் திண்ணையும்

ஜூலை 3

டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறேன். கல்வி உளவியலில் இன்று நடத்தை உளவியலாளர் ஸ்கின்னர். மாதிரித் தாள்களில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி: எதிர்மறை வலுவூட்டலுக்கு எடுத்துக்காட்டு எது? நிறையப் பேர் பிரம்படிக்கு டிக் போட்டுவிட்டு வருவார்கள். பிரம்படி தண்டனை, ஒரு நடத்தையைக் குறைக்கப் பார்ப்பது. வலுவூட்டல் என்றாலே, நேர்மறையோ எதிர்மறையோ, அந்த நடத்தை கூட வேண்டும். கொசு கடிக்கிறது, ஃபேனைக் கூட்டி வைக்கிறோம், கடி நிற்கிறது. அடுத்த முறை கை தானாக ரெகுலேட்டருக்குப் போகும். தொல்லை நீங்கியதே இங்கே பரிசு.

அழுகிற பிள்ளையிடம் போனைக் கொடுக்கும் வீடுகளில் நேர்மறை, எதிர்மறை இரண்டும் ஒன்றாக நடக்கின்றன. பிள்ளைக்குப் போன் கிடைக்கிறது. அம்மாவுக்கு அழுகை நிற்கிறது. பிள்ளை அழக் கற்கிறது, அம்மா கொடுக்கக் கற்கிறார். பாடநூலில் இந்த எடுத்துக்காட்டைப் போட்டிருக்கலாம்.

ஜூலை 4

உளவியலாளர் தார்ண்டைக், பூனைச் சோதனை, 1898, விளைவு விதி: நல்ல பலன் தந்த செயல் திரும்ப வரும். அதற்குள் கரண்ட் போய்விட்டது.

ஜூலை 6

டியூஷனுக்கு வரும் குட்டிப் பெண்ணின் அம்மா கேட்டார்: "படம் வரைஞ்சா ஒரு ஸ்டார் ஒட்டி விடுங்களேன் டீச்சர்." அவள் ஸ்டார் இல்லாமலேயே நோட்டின் பின்பக்கமெல்லாம் யானையாக வரைந்து தள்ளுகிறாள்.

உளவியலாளர் லெப்பரும் கூட்டாளிகளும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகள். சிலரிடம் மட்டும், வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிடப் பாதி அளவுக்குக் குறைந்திருந்தது. சொல்லாமல் திடீரெனப் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆக, ஸ்டார் வாய்ப்பாட்டுக்கு இருக்கட்டும். யானைக்கு வேண்டாம்.

ஜூலை 9

கண்ணாடி முன் நின்று "நான் சிறந்தவள்" என்று தினமும் சொல்லச் சொல்கிறாள் தோழி. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. கனடாவில் உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்புக் குறைவாக உள்ளவர்கள் இப்படி ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட மனநிலை இறங்கியிருந்தது. தன்மதிப்பு உள்ளவர்களுக்குத்தான் கொஞ்சம் பலன். உள்ளே "பொய்" என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தால் வாய் சொல்லி என்ன பயன்?

உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் சொல்வது எனக்கு ஒத்துவருகிறது: செயலுக்கு மதிப்பெண் போடு, ஆளுக்குப் போடாதே. சாயங்காலம் அதற்கு வேலை வந்தது. ஏழாம் வாய்ப்பாட்டில் நின்றுபோன பையன், "நான் மக்குக்கா" என்றான். இல்லை, நீ புத்திசாலி என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டான்.

"ஏழேழு வரைக்கும் சரியா வந்துச்சுடா. ஏழெட்டுல மட்டும்தான் இடிக்குது."

"அப்போ ஏழெட்டு மட்டும் கேளுங்கக்கா," என்றான்.