பையின் உட்புறத்தைக் காட்டாத கடை

தோலிலும் கான்வாஸிலும் பை தைக்கும் ஒரு சிறு நிறுவனத்தின் இணைய விற்பனையைக் கவனிக்கும் வேலையில் நான் சேர்ந்தபோது அங்கே நான்கு தையல் மேசைகளும் ஒரு கணினியும் இருந்தன. அந்தக் கணினியும் பெரும்பாலும் பார்சல் முகவரி அச்சிடத்தான் பயன்பட்டது. இணையதளம் ஏற்கெனவே இருந்தது. சமூக ஊடகப் பக்கமும் இருந்தது. இரண்டையும் யாரோ ஒருவர் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். "ஆள் வரவே மாட்டேங்கிறாங்க, அதை மட்டும் பாருங்க" என்று உரிமையாளர் முதல் நாளே சொன்னார். நானும் அதையே என் வேலையாக எடுத்துக்கொண்டேன்.

ஆட்களை வரவழைப்பது அப்படியொன்றும் கடினமாக இருக்கவில்லை. நாள்தோறும் ஒரு படம், வாரந்தோறும் ஒரு காணொளி, அவ்வப்போது ஒரு பரிசுப் போட்டி, கொஞ்சம் கட்டண விளம்பரம் என்று இறங்கியதும் வருகைக் கணக்கின் கோடு மேலே ஏறத் தொடங்கியது. லைக்குகள் குவிந்தன. மாதக் கடைசியில் அந்த வரைபடத்தை அச்செடுத்து உரிமையாளரின் மேசையில் வைப்பதில் எனக்குப் பெருமிதம் இருந்ததை மறைப்பதற்கில்லை. ஐந்தாம் மாதம் அவர் அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, அதன் பின்புறத்தில் அம்மாதம் அனுப்பிய பார்சல்களின் எண்ணிக்கையைப் பேனாவால் எழுதினார். நான் சேர்வதற்கு முந்தைய மாதத்தின் எண்ணுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. "இவ்வளவு பேர் வந்து பார்த்துட்டு ஏன் சும்மா போறாங்க?" என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரலில் அவர் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கணக்கு எளிமையானது, ஆனாலும் அன்றுவரை நான் அதைப் போட்டுப் பார்த்திருக்கவில்லை. நூறு பேர் வந்து ஒருவர் வாங்கினால், இரண்டாவது ஆர்டருக்கு இரண்டு வழிகள் உண்டு. இன்னும் நூறு பேரைப் பணம் செலவழித்து அழைத்து வரலாம். அல்லது ஏற்கெனவே வந்து, பார்த்து, திரும்பிப் போன தொண்ணூற்று ஒன்பது பேரில் ஒருவர் எதனால் தயங்கினார் என்று கண்டுபிடிக்கலாம். முதல் வழிக்கு ஒவ்வொரு மாதமும் செலவு செய்ய வேண்டும், இரண்டாவதற்கு ஒருமுறை உழைத்தால் போதும். நான் முதல் வழியிலேயே ஐந்து மாதங்களைக் கழித்திருந்தேன்.

தயக்கத்தின் காரணம் என் கண்முன்னாலேயே கிடந்தது. எங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளுக்குப் பதில் எழுதுவதும் என் வேலைதான். "லேப்டாப் உள்ள போகுமா?" என்ற கேள்வி வாரத்துக்குப் பலமுறை வரும், ஒவ்வொரு முறையும் "போகும்" என்று தட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவேன். கேட்டவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதே ஐயத்தோடு வந்து, கேட்பதற்குச் சங்கோசப்பட்டோ சோம்பல்பட்டோ பக்கத்தை மூடிவிட்டுப் போனவர்களைப் பற்றி நான் நினைத்தே பார்த்ததில்லை. உரிமையாளர் கேட்ட அன்றிரவு ஆறு மாதச் செய்திகளை முதலிலிருந்து படித்து, கேள்விகளை ஒரு நோட்டில் வகை பிரித்து எழுதினேன். உள்ளே என்ன கொள்ளும், எவ்வளவு எடை தாங்கும், படத்தில் தெரியும் நிறம்தான் நிஜ நிறமா, எத்தனை நாளில் வரும், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாமா. ஏறத்தாழ எல்லாச் செய்திகளும் இந்த ஐந்துக்குள் அடங்கின. எங்கள் இணையதளத்திலோ இவற்றில் ஒன்றுக்கும் விடை இல்லை. அங்கே பையின் முன்புறப் படம் ஒன்றும், "நேர்த்தியும் நவீனமும் இணைந்த தனித்துவப் படைப்பு" என்று நானே எழுதிய ஒரு வரியும் இருந்தன.

லேப்டாப் கேள்விக்கு நான் கொடுத்து வந்த "போகும்" என்ற பதிலே தவறு என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. 15.6 அங்குலம் என்று லேப்டாப்பைக் குறிப்பிடுகிறோமே, அது திரையின் மூலைக்கு மூலை அளவு. சட்டத்தோடு சேர்த்து அந்தக் கணினியின் அகலம் ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் வரும். எங்கள் பையின் அகலம் 38 சென்டிமீட்டர் என்று தளத்தில் இருந்தது. அது வெளிப்புற அளவு. எங்கள் பட்டறையில் மூத்த தையல்காரராக இருந்தவரிடம் இதைச் சொன்னதும், இஞ்ச் டேப்பை எடுத்துப் பையின் உள்ளே விட்டு அளந்தார். "ஓரத் தையல் ஒரு பக்கம் சாப்பிடும், உள்ள வச்சிருக்கிற பஞ்சு இன்னொரு பக்கம் சாப்பிடும் தம்பி, 35 அரைதான் மிச்சம்" என்றார். "அண்ணே, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன். "யார் கேட்டீங்க?" என்று சிரித்தார். திருப்பி அனுப்பப்பட்ட பைகள் ஒரு மூலையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. "மனம் மாறிவிட்டது" என்று நாங்கள் பதிவு செய்திருந்தவற்றுள் எத்தனை உண்மையில் அந்த அரை சென்டிமீட்டரால் திரும்பி வந்தவையோ!

அடுத்த மூன்று வாரங்கள் புதிய விளம்பரம் எதுவும் போடவில்லை. சன்னலோரம் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, காலை வெயில் நேராக விழாத நேரமாகப் பார்த்து, ஒவ்வொரு பையையும் திறந்த நிலையில் படம் எடுத்தோம். லேப்டாப் பாதி நுழைந்திருக்கும் படம், தண்ணீர்ப் பாட்டில் பக்கப் பையில் நிற்கும் படம், தோளில் மாட்டினால் இடுப்புக்கு எங்கே வருகிறது என்று காட்டும் படம், தையலை நெருங்கிப் பார்க்கும் படம் என ஒவ்வொரு பைக்கும் ஆறேழு தேறின. உள்ளளவைத் தனியாகக் கொடுத்து, "15.6 அங்குல லேப்டாப் இதில் நுழையாது; 14 அங்குலம் தாராளமாக நுழையும்" என்று எழுதினேன். விற்க வேண்டிய பொருளைப் பற்றி "நுழையாது" என்று எழுதுவதற்கு உரிமையாளர் முதலில் தயங்கினார், அந்தத் தயக்கம் நியாயமானதும்கூட. ஆனால் அந்த வரி வந்த பிறகு அந்தப் பையின் ரிட்டர்ன் குறைந்தது. அதைவிட எனக்கு வியப்பளித்தது, பெரிய அளவுப் பைக்கு ஆர்டர் கூடியது. ஒன்று நுழையாது என்று ஒளிக்காமல் சொன்ன கடை, இன்னொன்று நுழையும் என்று சொல்லும்போது நம்பலாம் என்று வாங்குபவர்கள் எண்ணினார்கள் போலும்.

தேடுபொறி விஷயத்துக்கு வருகிறேன். அதற்காக முன்பே ஓர் ஆலோசகருக்குப் பணம் கொடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் நிரலுக்குள்ளும் தேடுபொறி படிப்பதற்கென்று சொற்களை எழுதிவைக்கும் கீவேர்டு மெட்டா டேக் என்ற இடத்தில் ஐம்பது அறுபது சொற்களை அவர் நிரப்பி வைத்திருந்தார். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. உண்மையில் எங்களுக்குத் தடையாக இருந்தவை இரண்டு. ஒன்று, பைகளுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர்கள்: "கிளாசிக் 02" என்று உலகில் எவரும் தேடுவதில்லை, "14 அங்குல லேப்டாப் கான்வாஸ் பை" என்றுதான் தேடுகிறார்கள். இன்னொன்று, படங்களின் கனம். கேமராவிலிருந்து எடுத்தபடியே ஏற்றிய படங்கள் ஒவ்வொன்றும் 6 எம்பி இருந்தன. கைபேசியில் பக்கம் திறப்பதற்குள் வந்தவர் போய்விடுவார். பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 நொடிக்குள் தெரிந்தால்தான் நல்ல வேகம் என்பது கூகுளின் அளவுகோல். படங்களை வெப்பி (WebP) என்ற கனம் குறைந்த பட வடிவத்துக்கு மாற்றிச் சுருக்கியதும் ஒவ்வொன்றும் 200 கேபிக்குக் கீழே வந்தன, கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஒரு பிற்பகலில் முடிந்த இந்த வேலையை ஏன் முன்பே செய்யவில்லை என்று இன்றும் நினைத்துக்கொள்வதுண்டு.

இந்த வெற்றி தலைக்கேறியதாலோ என்னவோ, அடுத்த ஆண்டு நான் செய்த தவறு பெரிது. தளத்தை முழுவதும் புதுப்பிக்க முடிவு செய்து, பக்க முகவரிகளையெல்லாம் அழகாக, சுருக்கமாக மாற்றினேன். பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் 301 வழிமாற்று ஒன்றைக்கூட அமைக்கவில்லை. மற்றவர்கள் தங்கள் பக்கங்களில் கொடுத்திருந்த இணைப்புகள், பழைய வாடிக்கையாளர்கள் சேமித்து வைத்திருந்தவை, தேடுபொறி அதுவரை அறிந்து வைத்திருந்த எங்கள் பக்கங்கள், எல்லாமே ஒரே இரவில் "பக்கம் இல்லை" என்னும் 404 பிழைக்குப் போய் முட்டின. இரண்டாம் வாரம் ஆர்டர் குறைந்தபோது பருவ மந்தம் என்று நினைத்தேன். நான்காம் வாரம்தான் காரணம் புரிந்தது. பழைய முகவரிகளை ஒவ்வொன்றாகத் தேடியெடுத்து வழிமாற்று அமைத்து, வருகை பழையபடி ஆகச் சில மாதங்கள் பிடித்தன. புதுப்பித்த தளத்தின் அழகைப் பாராட்டி ஒரு செய்திகூட வரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

டொமைன் விவகாரம் வேறு வகை. எங்கள் தளத்தின் பெயரே எங்களுடையதாக இருக்கவில்லை. தளத்தை முதலில் அமைத்துக் கொடுத்தவர் டொமைனைத் தம் பெயரில், தம் மின்னஞ்சலில் பதிவு செய்திருந்தார். காலாவதி நினைவூட்டல்கள் அவருக்கே போயின. ஒருநாள் தளம் திறக்கவில்லை என்றபோதுதான் இது தெரியவந்தது. அவர் நல்லவராக இருந்ததால் இரண்டு நாளில் புதுப்பித்து எங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். நிறுவனத்தின் பெயர்ப்பலகை வேறொருவரின் சட்டைப்பையில் இருந்திருக்கிறது.

சமூக ஊடகப் பக்கமும் ஒருவகையில் அப்படிப்பட்டதுதான். 2021 அக்டோபர் 4 அன்று உலகெங்கும் பெரிய சமூக ஊடகச் சேவைகள் சில ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. அன்று இரவு புதிய பை ஒன்றை அறிமுகப்படுத்த நாள் குறித்திருந்தோம். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோதுதான், பழைய ஆர்டர்களிலிருந்து ஒப்புதலோடு சேர்த்து வைத்திருந்த மின்னஞ்சல் பட்டியல் நினைவுக்கு வந்தது. சில நூறு முகவரிகள்தான். ஆனால் படிப்பவர்கள் எங்களிடம் ஏற்கெனவே வாங்கியவர்கள். விடிவதற்குள் அந்தப் பையின் முதல் தொகுதி தீர்ந்துவிட்டது. அதன் பிறகு அந்தப் பட்டியலைக் கண்ணும் கருத்துமாகப் பேணி வருகிறோம். மாதம் ஒரு மடலுக்கு மேல் அனுப்புவதில்லை. மொத்தமாக மடல் அனுப்புவோருக்கு ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் விதிகளை இறுக்கி, அனுப்புநரைச் சரிபார்க்கும் அமைப்புகளையும் ஒரே சொடுக்கில் விலகும் வசதியையும் வற்புறுத்தின. எங்களைப் போன்ற சிறிய அனுப்புநர்களை அந்த விதிகள் முழுமையாகத் தொடாவிட்டாலும் அமைத்துக்கொண்டோம். விலக நினைப்பவரைப் பிடித்து வைத்து என்ன ஆகப்போகிறது?

பணம் செலுத்தும் பக்கத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. கார்ட்டில் பொருளைப் போடுபவர்களில் சராசரியாக ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வாங்காமலே போகிறார்கள் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பேமார்ட் என்ற ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கடைசிக் கட்டத்தில் திடீரென்று முளைக்கும் கூடுதல் கட்டணங்கள் அதற்கு ஒரு பெரிய காரணம். நாங்கள் அனுப்பும் செலவை முதல் பக்கத்திலேயே எழுதினோம், கணக்குத் தொடங்காமலே வாங்கலாம் என்று மாற்றினோம். அவ்வளவுதான் செய்தது.

ஒற்றை நட்சத்திர மதிப்புரை ஒன்று வந்தபோது நடந்ததையும் குறிப்பிட வேண்டும். ஜிப் இரண்டே வாரத்தில் பிய்ந்துவிட்டது என்று படத்தோடு எழுதியிருந்தார் ஒருவர். நண்பர்களைக் கொண்டு பத்து நல்ல மதிப்புரை எழுத வைத்தால் அது கீழே போய்விடும் என்று எனக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு. அது தளங்களின் விதிகளுக்குப் புறம்பானது என்பது ஒருபுறம் இருக்க, ஜிப் பிய்ந்தது உண்மை. அந்தத் தொகுதியில் ஜிப்பின் முனையில் இரட்டைத் தையல் விடுபட்டுப் போயிருந்ததைத் தையல்கார அண்ணன் கண்டுபிடித்தார். அதையே அந்த மதிப்புரைக்குக் கீழே எழுதி, மாற்றுப் பை அனுப்பியதோடு, அதே தொகுதியை வாங்கிய மற்றவர்களுக்கும் நாங்களே முன்வந்து செய்தி அனுப்பினோம். பிந்தைய மாதங்களில், "அந்த ஜிப் பதிலைப் படித்தேன்" என்று குறிப்பிட்டு ஆர்டர் செய்தவர்கள் உண்டு. ஐந்து நட்சத்திர மதிப்புரை எதையும் எவரும் அப்படிக் குறிப்பிட்டு நான் பார்த்ததில்லை.

கேள்விகளை எழுதும் நோட்டு இப்போது மூன்றாவதாக ஓடிக்கொண்டிருக்கிறது. சென்ற வாரம் அதில் ஒரு புதிய வரி ஏறியது. "நான் இடக்கைப் பழக்கம் உள்ளவள். முன்புற ஜிப் எந்தப் பக்கத்திலிருந்து திறக்கும்?" இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் கேட்டதில்லை. பையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அண்ணன் அதை வலது தோளில் மாட்டி, இடக்கையால் ஜிப்பை இழுக்க முயன்றார், வரவில்லை. தோளை மாற்றிப் பார்த்தார். பிறகு பையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "ரெண்டு பக்கமும் திறக்கிற மாதிரி ஒரு ரன்னர் கூடப் போட்டா முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே அலமாரியில் ஜிப் ரன்னர்களைத் துழாவத் தொடங்கினார். நான் அந்தப் பெண்ணுக்கு, இப்போதைக்கு வலப்புறத்திலிருந்துதான் திறக்கும் என்று பதில் எழுதினேன்.