தலைமடையிலிருந்து கடைமடைக்கு: மாநில நெடுஞ்சாலை 22

கடலை நோக்கிப் போகப் போக ஆறு அகன்றுகொண்டே வரும் என்று எதிர்பார்ப்பதுதான் இயல்பு. கல்லணையில் தொடங்கி, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகாரில் முடியும் மாநில நெடுஞ்சாலை 22-இல் நிலைமை தலைகீழ். கல்லணையில் கண்ணுக்கெட்டும் தூரம் விரிந்து கிடக்கும் காவிரி, கடலுக்கு அருகில் ஒரு பெரிய வாய்க்காலின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளும் இந்தச் சாலையை ஒரு புரட்டாசி மாதத்தில் நண்பர் ஒருவருடன் இருசக்கர வண்டியில் கடந்தபோது, வழியிலுள்ள கோயில்களைவிட இந்தச் சுருக்கமே என் கவனத்தைப் பிடித்து வைத்திருந்தது.

கல்லணையைக் கரிகால் சோழன் கட்டினான் என்பது பள்ளிக்கூடத்திலேயே படிக்கும் செய்தி. ஆனால் அங்கே நின்று பார்க்கையில் எனக்கு வியப்பளித்தது அதன் பழமையைக் காட்டிலும் அது இன்றும் செய்துவரும் வேலைதான். வரும் நீர் இங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிக்கப்படுகிறது. மிகுதி கொள்ளிடத்துக்குத் திருப்பப்படுகிறது. 1830-களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், படியும் மணலை வெளியேற்றும் மணற்போக்கிகளை அமைத்து அணையைச் சீர்செய்தார். 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து கல்லணைக் கால்வாயும் வந்தது. இந்தப் பக்கத்து மக்கள் அதை இன்றும் ‘புது ஆறு’ என்றே சொல்கிறார்கள். மேட்டூரில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 12 அன்று அணை திறக்கப்படும். அந்த நீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று நாள் அளவில் ஆகும். பிறகு மலரும் நெல்லும் தூவி இங்கே மதகுகளைத் திறப்பார்கள். இந்த இடத்திலிருந்து எவ்வளவு தொலைவில் ஒருவருடைய வயல் இருக்கிறது என்பதே அவருடைய விதைப்பு நாளையும் அறுவடை நாளையும் பெருமளவு தீர்மானிக்கிறது.

திருக்காட்டுப்பள்ளி வரை சாலை குறுகலானது. எதிரே பேருந்து வந்தால் வண்டியை ஓரத்து மண்ணில் இறக்கித்தான் வழிவிட வேண்டும். இருமருங்கிலும் வாழைத் தோட்டங்களும் தென்னையும், இடையிடையே செங்கல் சூளைகளும் வருகின்றன. ஆற்றுப் படுகையின் வண்டல் வாழைக்கு மிகவும் ஏற்றது என்பதால் திருவையாறு வரை நெல்லைவிட வாழையே கண்ணில் நிறைகிறது. குலைக்காக மட்டுமல்லாமல் இலைக்காகவும் இங்கே வாழை வளர்க்கிறார்கள். காலையில் இலைக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு போகும் சிறிய சரக்கு வண்டிகளைத் தொடர்ந்து பார்க்க முடிந்தது. பாசன நீர் முதலில் எட்டும் பகுதியான தலைமடையின் வசதி இது: நீர் முதலில் வருகிறது, வராத நாட்களில் ஆழ்குழாய்க் கிணற்றில் நல்ல நீர் கிடைக்கிறது, ஆகவே ஆண்டு முழுவதும் நிற்கும் பயிரைத் துணிந்து வைக்கலாம்.

திருவையாற்றில் தியாகராஜர் சமாதியும் ஐயாறப்பர் கோயிலும் எல்லோரும் எழுதியவை; நாங்கள் அசோகா அல்வா சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். அடுத்து வரும் திருப்பழனம், கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம் வழிப் பகுதிதான் இந்தச் சாலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. சாலை வளைந்து வளைந்து போகிறது. ஒரு வளைவில் ஆறு தெரியும், அடுத்த வளைவில் வயல், அதற்கடுத்து ஓர் அக்கிரகாரத் தெருவின் திண்ணைகள். சுவாமிமலையை நெருங்கும்போது வெற்றிலைக் கொடிக்கால்கள் தலைகாட்டின. அகத்தியை நெருக்கமாக வளர்த்து, அதன் நிழலிலும் அதன் தண்டிலும் கொடியை ஏற்றுகிறார்கள். நேர்க்கோடாகத் தோண்டிய வாய்க்கால்களுக்கு நடுவே உயர்ந்த பாத்திகள். உள்ளே நுழைந்தால் வெளி வெயில் சட்டென்று மறைந்துவிடுகிறது. கும்பகோணம் வெற்றிலை என்று பெயர்பெற்றதில் பெரும்பங்கு நகருக்கு வெளியே உள்ள இத்தகைய ஊர்களுடையது.

கும்பகோணத்தின் போக்குவரத்தைக் கடப்பதற்கு ஆன நேரத்தை எழுதி வாசகரின் பொறுமையைச் சோதிக்க விரும்பவில்லை. திருபுவனத்துப் பட்டுக் கடைகளையும் திருவிடைமருதூர்க் கோபுரத்தையும் தாண்டிய பிறகுதான் நெல் வயல்கள் முழுமையாகச் சாலையை ஆட்கொள்கின்றன. புரட்டாசியில் டெல்டாவுக்கு வருபவருக்கு ஒரே நாளில் இரண்டு பருவங்களைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. ஜூனில் நட்ட குறுகிய கால நெல்லான குறுவை ஒரு பக்கம் பழுத்து அறுவடையாகிக்கொண்டிருக்கும். மறுபக்கம் நீண்ட கால நெல்லான சம்பாவுக்கான நடவு நடக்கும். சங்கிலிப் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரத்தை இங்கே ‘பெல்ட் வண்டி’ என்கிறார்கள். ஈரமான வயலில் டயர் வண்டி புதைந்துவிடும் என்பதால் மழை நாட்களில் இதற்குத்தான் கிராக்கி, வாடகையும் மணிக்கணக்கில் ஏறும். ஒரு வயலில் நடவு செய்துகொண்டிருந்தவர்கள் வங்காள மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். மேற்கு வங்கத்திலிருந்து குழுவாக வந்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசி நட்டுக் கொடுப்பது டெல்டாவில் இப்போது புதிய காட்சியன்று. நடவுப் பாட்டைத் தேடி இங்கே வருபவர்கள் ஏமாறுவார்கள். ஆனால் அந்த நடவின் வேகத்தையும் வரிசையின் நேர்த்தியையும் குறைசொல்ல இயலாது.

ஆடுதுறையில் சாலையோரப் பெயர்ப்பலகையைக் கண்டு நின்றோம். 1922-இல் தொடங்கப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. டெல்டா விவசாயிகள் எண்ணைச் சொல்லியே பேசும் ஏடிடி 36, ஏடிடி 43 போன்ற ரகங்களின் பிறப்பிடம் இது. குறுவைக்கு ஏறத்தாழ 110 நாளில் அறுவடைக்கு வரும் ரகம் தேவை. அதைவிட நீண்டால் வடகிழக்குப் பருவமழையில் கதிர் சிக்கிக்கொள்ளும். சம்பாவுக்கு சிஆர் 1009 போல ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கும் ரகமும் தாங்கும். ஆற்றில் நீர் வரும் நாளுக்கும் மழை தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட கால அளவுக்கு ஏற்ப விதையை உருவாக்கியதுதான் இந்த நிலையத்தின் நூற்றாண்டு வேலை என்று சுருக்கிச் சொன்னால் மிகையாகாது.

குத்தாலத்தை நெருங்கும்போது சாலையின் ஒரு பாதி நெல் காயும் களமாக மாறியிருந்தது. வண்டி ஓட்டுபவருக்கு இது எரிச்சலூட்டும் என்பதில் ஐயமில்லை, இரவில் ஆபத்தும்கூட. ஆனால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்கமாட்டார்கள், தளர்வு அறிவித்தால்தான் உண்டு. எல்லா ஊரிலும் சிமென்ட் களம் கிடையாது. வெயில் காயும் தார்ச்சாலையைவிட விரைவாக நெல்லை உலர்த்தும் இடம் வேறில்லை. காலால் நெல்லைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா, நாங்கள் வேகத்தைக் குறைத்ததைப் பார்த்து, “அந்தப் பக்கமா ஏறிப் போங்க தம்பி, ஒண்ணும் பயமில்ல” என்று வழிகாட்டினார். வானம் மேற்கே கறுத்திருந்தது. தார்ப்பாய் மடித்துத் தயாராகப் பக்கத்தில் கிடந்தது.

மயிலாடுதுறையில் துலாக் கட்டம் அருகே பாலத்திலிருந்து பார்த்தபோது, கல்லணையில் கண்ட ஆறா இது என்று நண்பர் கேட்டார். குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், மண்ணியாறு, விக்ரமனாறு என்று வழிநெடுகக் கிளைகளுக்குக் கொடுத்துக் கொடுத்து வந்ததன் விளைவு அது. வெள்ள நீரைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்வதால், காவிரி இங்கே பாசனத்துக்கு மட்டுமான ஆறாக வேலை செய்கிறது. பாசனம் முடிய முடிய ஆறும் முடிகிறது.

பூம்புகார்ச் சாலையில் மேலையூரை அடைந்ததும் காவிரியின் கடைசி நீர்த்தேக்கி மதகு வருகிறது. அதற்கப்பால் கடல்தான். அங்கே கரையில் உட்கார்ந்திருந்த முதிய விவசாயி ஒருவரிடம் இந்த ஆண்டுக் குறுவை எப்படி என்று கேட்டேன். “குறுவையெல்லாம் மேக்க உள்ளவங்களுக்குத் தம்பி. ஆத்துல தண்ணி தொறந்தாச்சுன்னு பேப்பர்ல போட்டுருவான். எங்க வாய்க்காலுக்கு ஏறதுக்குள்ள நாத்து முத்திப் போயிடும்” என்றார். ஆழ்குழாய்க் கிணறு போட்டுக்கொள்ளலாமே என்ற என் அடுத்த கேள்விக்கு அவர் தொட்டுக் காட்டியது தரையை: “கீழ உப்பு.” கும்பகோணத்துப் பக்கம் மேட்டூர் திறப்பதற்கு முன்பே மோட்டாரை நம்பிக் குறுவை நடுகிறார்கள், இங்கே நிலத்தடி நீர் உவர்ப்பு என்பதால் ஆற்று நீரும் மழையும் தவிர வேறு வழியில்லை. அதனால் பலர் சம்பா ஒன்றை மட்டும் செய்கிறார்கள். தை மாதம் அறுவடைக்குச் சில நாள் முன்பு நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிட்டு, மிஞ்சிய ஈரத்தில் அதை விளைவித்துக்கொள்கிறார்கள். அதைவிடத் தாழ்ந்த, உப்பேறிய நிலங்களில் இறால் குட்டைகள் வந்துவிட்டன. அவற்றின் நீர்ச்சுழற்றிகள் சுற்றும் ஓசை சாலை வரை கேட்கிறது.

பூம்புகாரில் 1973-இல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும், காவிரி கடலில் கலக்கும் இடத்தையும் பார்த்தோம். கலக்கும் இடத்தில் அன்று ஓட்டம் அதிகமில்லை. அதை வறட்சி என்று எண்ணிவிடக்கூடாது. மேலையூரில் மதகை இறக்கி, இருக்கும் நீரைக் கடைசி வாய்க்கால்களுக்குத் திருப்பியிருந்தார்கள்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு ஒரு பரிந்துரை: புரட்டாசியிலோ, சம்பா அறுவடையாகும் தை, மாசியிலோ மேற்கிலிருந்து கிழக்காகப் போங்கள்; தலைமடையை முதலில் பார்த்தால்தான் கடைமடையில் பேசப்படும் குறைகள் விளங்கும். பேருந்தில் போவதானால் கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் மாறி ஏற வேண்டியிருக்கும். சொந்த வண்டியில் வருபவர்கள் குத்தாலத்துக்குக் கிழக்கே இருட்டுவதற்கு முன் கடந்துவிடுவது நல்லது. அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் கிடக்கும், அதைச் சுற்றி அடையாளத்துக்கு வைத்திருக்கும் கற்கள் விளக்கு வெளிச்சத்தில் எளிதில் தெரிவதில்லை.