ஓட்டு, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பலர், பழைய வாக்காளர் அட்டை கையில் இருந்தால் போதும், லீவில் வந்து ஓட்டுப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. வேலைக்கோ படிப்புக்கோ போய் வெளிநாட்டிலேயே குடியிருக்கும் இந்தியக் குடிமக்களுக்கென்று 2011 முதல் தனிப் பதிவு இருக்கிறது. அதற்கான விண்ணப்பம் படிவம் 6ஏ. பழைய அட்டையை அப்போது ஒப்படைத்துவிட வேண்டும், புது அட்டை தர மாட்டார்கள்.

தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். புகைப்படம், பாஸ்போர்ட்டில் படமும் இந்திய முகவரியும் உள்ள பக்கங்கள், நடப்பு விசா ஆகியவற்றின் நகல் வேண்டும். உங்கள் தொகுதி எது என்பதை பாஸ்போர்ட் முகவரிதான் முடிவு செய்கிறது. பலருக்குச் சிக்கல் வருவதும் இங்கேதான். தூதரகத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது, வசதிக்காக அங்குள்ள ஃபிளாட் முகவரியைக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு 6ஏ-வில் காட்ட ஊர் முகவரி இருக்காது. அதனால் புதுப்பிக்கும்போதே இந்திய முகவரியைக் கேட்டு வாங்குங்கள்.

விண்ணப்பம் போனதும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். சொந்தக்காரர் யாராவது உறுதிமொழி கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். வீடு பூட்டிக் கிடந்தால் ஆவணங்கள் நீங்கள் இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்துக்குச் சரிபார்ப்புக்குப் போகும், நாள் இழுக்கும். தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். வேட்புமனு கடைசி நாளுக்கு 10 நாள் முன்பு வரை வரும் விண்ணப்பங்களைத்தான் அந்தத் தேர்தலுக்கு எடுத்துக்கொள்வார்கள்.

வாக்குப்பதிவு அன்று அசல் பாஸ்போர்ட் கட்டாயம். பட்டியலில் உங்கள் பெயர் தெருவாரியாக இருக்காது. அந்தச் சாவடிப் பட்டியலின் கடைசிப் பகுதியில், 'வெளிநாட்டு வாக்காளர்கள்' என்ற தலைப்பில் இருக்கும். அலுவலர் தேடிவிட்டு "பெயர் இல்லை" என்றால், கடைசிப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

2024 மக்களவைத் தேர்தலில் இப்படிப் பதிவு செய்திருந்தவர்கள் 1,19,374 பேர். நேரில் வந்து ஓட்டுப் போட்டவர்கள் 2,958 பேர்தான், அவர்களில் 2,670 பேர் கேரளத்துக்காரர்கள். விமானக் கட்டணமும் லீவும் யாருக்கு வாய்க்கும்? ராணுவத்தினருக்கும் தூதரக ஊழியர்களுக்கும் தபால் ஓட்டு இருக்கிறது. பதிலாள் மூலம் ஓட்டுப் போட வழிசெய்யும் மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறியும் காலாவதியாகிப் போனது. மின்னணுத் தபால் ஓட்டுக்கு 2020-இல் ஆணையமே பரிந்துரை செய்தது, இன்னும் கைக்கு வரவில்லை. கட்டடத் தொழிலாளி ஒருவர் ஓட்டுக்காக ஒரு மாதச் சம்பளத்தை இழக்க வேண்டும் என்றால், அந்த உரிமை காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது என்பேன்.

வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கி ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் வந்துபோகத் தரும் அட்டை) வைத்திருப்பவர்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. கட்சிகளுக்கு அவர்கள் நன்கொடையும் தர முடியாது. அது வெளிநாட்டுப் பங்களிப்பாகிவிடும், வாங்கும் கட்சியும் மாட்டும். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தரலாம். ரசீதை மட்டும் மறக்காமல் வாங்கி வையுங்கள்.