ஐஆர்ஏ என்றால் கிட்னியா, மூச்சா?

ஸ்பானிஷ் கேஸ் ஷீட்டை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது என்னைப் படுத்துவது நீளமான வார்த்தைகள் இல்லை, மூன்றெழுத்துச் சுருக்கங்கள்தான். நேற்று ஒன்றில் வெறுமனே 'ஐஆர்ஏ' என்று இருந்தது. சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தாலும் அதுதான், மூச்சு இயக்கம் செயலிழந்தாலும் அதுதான், சாதாரணச் சளி இருமல் தொற்றுக்கும் அதே மூன்றெழுத்துதான் (யார் வைத்தார்களோ!). அப்புறம் கீழே ரத்தப் பரிசோதனையைப் பார்த்தால் கிரியாட்டினின் (கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) 4.2 என்று ஏறியிருக்கிறது, சிறுநீரும் குறைவாகப் போகிறது என்று இருக்க, சரி, கிட்னிதான் என்று எழுதி, ஆனாலும் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு டாக்டருக்கே அனுப்பிவிட்டேன். 'கான்ஸ்டிபாடோ' இன்னொரு வம்பு: ஸ்பெயினில் ஜலதோஷம், லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் மலச்சிக்கல். எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று தெரியாமல் அதில் கை வைக்கவே மாட்டேன்.